குவாரி ராட்சசியின் இடது கால்

பூட்ஸுக்குள் நுழைந்த கை மணிக்கட்டையும் தாண்டிப் போகிறது, உள்ளே யாரோ ஒருவருடைய வியர்வையும் சிமெண்ட்டும் சேர்ந்து காய்ந்த வாடை, முனையில் இரும்புத் தொப்பி விரலில் ஜில்லென்று தட்டுப்பட்டது, இதுதான், இதேதான் என்று தமயந்தி அதைத் தனியே எடுத்து வைத்தாள், உக்கடத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய்மேல் குவிந்து கிடந்த கம்பெனி பூட்ஸ்களையெல்லாம் புரட்டியாயிற்று, புதுசு சில பளபளத்தன, அவை ஆகாது, பாறை உடைக்கிறவள் பளபளப்பாகவா வருவாள், கடைக்காரர் குனிந்து பார்க்கிறார், இது ஆம்பளைங்க சைஸும்மா, வீட்டுக்காரருக்கா, இல்லீங், எனக்குத்தானுங், என்றாள், அவர் கண் அவளுடைய கால்களுக்கு இறங்கி, சேலைக்கரைக்குக் கீழே குதிகால் மண்ணில் படாமல் நிற்கும் இடது காலில் கொஞ்சம் தங்கி, சட்டென்று வேறெங்கோ திரும்பியது, அந்தத் திரும்பலை அவள் சிறுவயதிலிருந்தே அறிவாள்.

குழந்தையில் வந்த காய்ச்சல் அந்தக் காலை வளரவிடாமல் நிறுத்திவைத்தது, பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்குப் பெயர் கொடுத்தபோது டீச்சர் கன்னத்தைத் தட்டி, நீ மரமா நில்லு கண்ணு, மரம் நடக்க வேண்டியதில்ல பாரு என்றார், கையில் வேப்பங்கொத்தோடு அவள் நிற்கிறாள், ராஜாவும் ராணியும் அவளைச் சுற்றி ஓடுகிறார்கள், இலை வாடுகிறது, கை வலிக்கிறது, பிறகு படிப்பு, பம்பு கம்பெனியில் கணக்குப் பிரிவு, காலை ஒன்பதுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டால் அவள் நடப்பதை யாரும் பார்க்க வேண்டியதில்லை, மேசைக்கு அடியில் கால்கள், மேசைக்கு மேலே கை, அந்தக் கை சாப்பாட்டு நேரங்களில் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் ஒருத்தியை வரைந்துகொண்டே இருந்தது, மலையைத் தின்னும் எந்திரங்களை மறிக்கிற பெண், கருங்கல் தோள், கண்ணுக்குப் பதில் சுரங்க விளக்கு, குவாரி ராட்சசி என்று அவளே பெயர் வைத்தாள், பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கிற அல்போன்சா அதைப் பார்த்துவிட்டு, இத வரைஞ்சா மட்டும் போதுமாடி, கொடிசியா அரங்கத்துல காமிக்ஸ் திருவிழா வருது, வேஷப் போட்டி இருக்குது, நாந் தெச்சுத் தர்றேன், நீ போட்டுக்கிட்டு ஏறு, என்றாள், ஏறு என்றால் மேடை, மேடை என்றால் நடை, தமயந்தி சிரித்து மழுப்பினாள், ஆனால் பெயரைப் பதிந்துவிட்டாள்.

ரப்பர் பாயை வெட்டிச் சூடுகாட்டி வளைத்துத் தோளும் மார்பும் அல்போன்சா செய்தாள், கால் மட்டும் தமயந்தியின் பொறுப்பு, அதை யாரும் தொடக்கூடாது, உப்புத்தாள் போட்டுக் கறுப்பைத் தேய்த்து, செம்மண் நிறமும் துருவின் நிறமும் பஞ்சால் ஒற்றி, பூட்ஸின் மூக்கைச் சுத்தியலால் நசுக்கி வடுக்கள் வைத்தாள், இடது பூட்ஸுக்குள்ளே மட்டும் ரப்பர்த் துண்டுகளை அடுக்கி ஒட்டினாள், வெளியே இரண்டும் ஒரே உயரம், ஒரே மாதிரி, யாருக்கும் தெரியாது, இந்த ஒரு நாளாவது எல்லாரையும்போல, போட்டுக்கொண்டு எழுந்தாள், இரண்டாவது எட்டிலேயே உள்ளே உயர்ந்திருந்த பாதம் பூட்ஸின் வாயைவிட்டு வெளியே பிதுங்க, கவசத்தோடு அல்போன்சா கடையின் தையல் எந்திரத்தின்மேல் விழுந்தாள், தோளில் செய்த கருங்கல் இரண்டாகப் பிளந்தது.

உள்ள வெக்காத, வெளிய ஒட்டு, அடியில, என்றாள் அல்போன்சா, தமயந்திக்கு ஆத்திரம் பொங்கியது, வெளிய ஒட்டுனா ஊரே பாக்கும்டி, உனக்கென்ன தெரியும், பாக்கட்டும், பாக்கறதுக்குத்தான மேடை, என்று அல்போன்சாவும் கத்தினாள், கத்திவிட்டுப் பிளந்த தோளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், தமயந்தி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள், சாய்ந்து கிடந்த இடது பூட்ஸ் அவளைப் பார்த்தது, மலையோடு சண்டை போடுகிறவளுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது, ஒன்று நடப்பதற்கு, இன்னொன்று பாறையைப் பிளப்பதற்கு, அப்படியும் இருக்கலாமே, எழுந்தாள், உள்ளே ஒட்டியதையெல்லாம் பிய்த்து எறிந்தாள்.

லாரி டயரின் ரப்பரை வெட்டி அடுக்கடுக்காக அடியில் ஒட்டி, ஆணி இறக்கி, தன் கால் கேட்ட உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள், குதிகாலின் இரு பக்கமும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங், அடியில் இரும்புத் தகடு, மறைக்கவில்லை, ஆரஞ்சு வண்ணம் அடித்தாள், சாலை போடும் வண்டிகளில் இருக்குமே அந்த ஆரஞ்சு, அல்போன்சா எட்டிப் பார்த்து, அடிப்பாவி, என்றாள், அதைவிட நல்ல பாராட்டு உண்டா.

இப்போது மேடைப் படிகள், விளக்குகள், ஆயிரம் முகங்கள், வலது கால் அமைதியாக, இடது கால் டங், மீண்டும் டங், பலகை அதிர்கிறது, பின் வரிசையில் யாரோ அதே தாளத்தில் தரையை மிதிக்க, வரிசை வரிசையாக அது முன்னே வந்து அரங்கமே டங் டங் என்று மிதித்தது, நடுவராக வந்திருந்த வேடக் கலைஞர் மைக்கைப் பிடித்து எழுந்தேவிட்டார், மேடம், ஒரு கால்ல நின்னு இன்னொரு கால வீசி வெக்கிறீங்களே, அந்த நடை, அத எவ்வளவு நாள் பழகுனீங்க, அரங்கம் அடங்கியது, ரொம்ப நாளுங்க என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள், வியர்வை கண்ணில் எரிந்தது, பழகலீங், என் நடையே இதானுங், என்றாள், அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, நேராக அவள் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை, அப்ப இன்னொரு தடவை நடங்க மேடம், அவசரமில்லாம, என்றார், நடந்தாள், மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, விளிம்பில் நின்று திரும்பி, மறுபடியும், ஒரு எட்டைக்கூட ஒளிக்காமல்.

முதல் பரிசு என்று அறிவித்தது அவள் காதில் விழவே இல்லை, அல்போன்சாவின் அலறல்தான் விழுந்தது, கோப்பையை அணைத்துக்கொண்டு இறங்கப்போனபோது படியடியில் நின்ற தொண்டர் ஒருவர் பதறி, கையக் குடுங்க மேடம், பாத்து, என்று நீட்டினார், தமயந்தி சிரித்தாள், நீங்க கொஞ்சந் தள்ளி நில்லுங்ணா, என்றாள், இது இரும்பு, மிதிச்சுட்டன்னா நீங்க தாங்க மாட்டீங்க.