வில்ஃபின் காது

டெரெக் மூன்றாவது தடவையாக மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைத்தான். வண்டி இருமியது, இரண்டு முறை வெடித்தது, அணைந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எனிட் ஹாம் சாண்ட்விச்சுகளின் ஓரத்தை வெட்டினாள். வாசலில் சவவண்டி நின்றது. அதற்குள் பெட்டியில் அவள் புருஷன் வில்ஃப். பதினொரு மணிக்குத் தகன மண்டபத்தில் இருக்க வேண்டும்.

தன் பழைய மோட்டார் சைக்கிள்தான் சவவண்டிக்கு முன்னால் போக வேண்டும், சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வில்ஃப் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வில்ஃபின் தம்பி டெரெக்கும் வால்சால் மோட்டார் சைக்கிள் கிளப் ஆட்கள் ஐந்து பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். கறுப்புக் கோட்டு, நகத்தில் கிரீஸ், ஆளுக்கொரு யோசனை. டெரெக் காலையிலேயே வந்து, இன்ஜின் சூடாவதற்குள் இரண்டு கார்பரேட்டர்களையும் திருகித் தீர்த்துவிட்டான். சூடானதும் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் திணறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டெரெக் பெட்ரோலைக் குறை சொன்னான்.

வில்ஃபுக்கு இருந்த காது இங்கே யாருக்கும் இல்லை என்று ஒருவன் பெருமூச்சு விட்டான். எனிட்டுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று, ரப்பர் குழாயை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக் கேட்டுத்தான் சரிபார்ப்பார்கள். அந்தச் சீறல் வில்ஃபுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்காது. இரும்புப் பட்டறைச் சத்தம் அவன் காதைத் தின்றுவிட்டது. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் குழாயைக் காதில் வைத்தவள் அவள். ஸ்க்ரூவைத் திருப்பியவன் அவன். கிளப் போட்டிகளில் கோப்பை வாங்கியவனும் அவன்தான். கிளப்பில் யாரிடமும் மூச்சு விடாதே என்று அதற்கும் ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். இப்போது ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும்.

சவவண்டி ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் இல்லாமலே கிளம்பிவிடலாமா என்று டெரெக் வந்து கேட்டான். எனிட் கத்தியை வைத்துவிட்டு வெளியே போனாள்.

"தள்ளு, டெரெக்."

"அண்ணி, இது உங்க வேலையில்ல."

"என் வேலைதான். உங்கண்ணனுக்குக் காது கேக்காது. பன்னெண்டு வருஷமா நான்தான் கேட்டுச் சொன்னேன்."

டெரெக் அவள் தோளில் கை வைத்தான்.

"துக்கத்துல என்னென்னமோ பேசுறாங்கடா," என்றான் மற்றவர்களிடம். "பாவம், கொஞ்ச நேரம் தொட்டுப் பாக்கட்டும்."

கிளப் ஆள் ஒருவன் வண்டியைக் கிளப்பி, அணையாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் ஈரத் தரையில் மண்டியிட்டாள். குழாயை இடது வாயில் வைத்தாள், வலது வாயில் வைத்தாள். திணறுகிற பக்கத்து ஸ்க்ரூவை அரைத் திருப்பு ஏற்றினாள், மற்றதைக் கொஞ்சம் இறக்கினாள். மறுபடி கேட்டாள். அவனைக் கையை எடுக்கச் சொன்னாள். வண்டி ஸ்லோவில் தானாகவே ஓடியது, ஒரு பிசிறு இல்லாமல்.

"சொன்னேன்ல," என்றான் டெரெக். "நல்லா சூடானா தானா சரியாயிடும். எல்லாம் எங்கண்ணன் வச்ச செட்டிங்."

ஐந்து தலைகளும் ஆடின. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எனிட் முழங்காலைத் தட்டிவிட்டாள். முட்டாள்கள். இரண்டு சத்தியமும் பிழைத்துவிட்டன, இவர்களுடைய மண்டைக்கனத்தால். வில்ஃப் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. செத்தும் ஜெயித்துவிட்டான்.

சவவண்டியின் முன்சீட்டில், ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முன்னால் டெரெக் கிளம்பினான். மேட்டில் ஏறும்போது அவள் கண்ணாடியை இறக்கினாள். தூறலும் புகையும் உள்ளே வந்தன.

"மூடிடட்டுமாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இருக்கட்டும்."

காதை மூடியிருந்த கறுப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.