யோகமலர் ஹெரெசுக்குப் போனாள்

கணவர் இறந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு யோகமலர் ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்தாள். புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. கூட நின்ற எக்குவடோர்ப் பெண்களோடு பேசிப் பேசியே ஸ்பானிய மொழி பிடிபட்டிருந்தது. அதை அந்தச் சமையலறைக்கு வெளியே பேசிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

செய்தி கேட்டதும் பக்கத்து நகரான விட்பியிலிருந்து அண்ணன் சிவபாதம் காரில் வந்து இறங்கினார்.

“தனியவோ போறாய்?”

“ஓம்.”

“எந்த இடம்?”

“தெற்கில ஒரு கடற்கரை. பக்கத்தில ஹெரெஸ் எண்டு பழைய ஊர். வைனுக்குப் பேர் போனது.”

“கோயிலுக்கெண்டு போனாலும் பரவாயில்லை. புருசன் இல்லாத பொம்பிளை வைன் ஊருக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்?”

“அவர் இருக்கேக்கையும் சனம் கதைச்சதுதானே அண்ணை. தேத்தண்ணி போடட்டோ?”

அவர் குடிக்காமலே போய்விட்டார்.

ஒக்டோபரில் அந்தக் கடற்கரையில் ஆளரவம் குறைவு. வெள்ளை அடித்த வீடுகள், ஓயாத காற்று, வலை உலர்த்தும் இரண்டொரு கிழவர்கள். முதல் நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கால் ஓயும்வரை நடந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்து ஹெரெசுக்குப் போனாள்.

பழைய வைன் கிடங்கு ஒன்று. கறுத்த பீப்பாய்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. சுற்றிக்காட்டிய பெண் கடைசியில் பார்க்க வந்த எல்லோரையும் ஒரு மேசையில் இருத்தி வைன் ஊற்றினாள். சேலையில் இருந்த யோகமலருக்கு மட்டும், கேட்காமலே, தோடம்பழச் சாறு வந்தது.

யோகமலருக்கு முகம் சூடானது. கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தாள்.

“நானும் வைனுக்குத்தான் வந்தேன்,” என்றாள் ஸ்பானியத்தில்.

“மன்னியுங்கள், நீங்கள் குடிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.”

“என்னிடம் கேட்டிருக்கலாம்.”

அந்தப் பெண் சிவந்துபோய் வைனைக் கொண்டுவந்தாள். இனிக்கும் என்று எண்ணியிருந்தாள் யோகமலர். அது துளியும் இனிப்பின்றி உப்புக் கரித்தது. முதல் மிடறு பிடிக்கவில்லை. இரண்டாவது பிடித்தது. கிளாஸோடு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் அண்ணன் அழைத்தார்.

“உந்தப் படத்தை உடன அழி.”

“நான் களவெடுக்கேல்லை அண்ணை. அழிக்கமாட்டன்.”

அழைப்பைத் துண்டித்தாள். இன்னொரு கிளாஸ் கேட்டாள்.

திரும்பி வந்த கிழமை அண்ணன் வீட்டில் ஒரு பிறந்தநாள். வாசலிலேயே அவர் மறித்தார்.

“ஆக்கள் வந்திருக்கினம். ஸ்பெயின் கதை ஒண்டும் எடுக்காத.”

“நானாக எடுக்கமாட்டன். கேட்டால் சொல்லுவன்.”

சாப்பாட்டு மேசையில் யாரோ ஒருவர், “எங்க பிள்ளை, கொஞ்ச நாளாய்க் காணேல்லை?” என்றார்.

யோகமலர் எல்லாவற்றையும் சொன்னாள். கடல், காற்று, பீப்பாய்கள், தோடம்பழச் சாறு, பிறகு குடித்த இரண்டு கிளாஸ் வைன். சிவபாதம் கோப்பையோடு எழுந்து குசினிக்குள் போனார். அவர் மனைவி ரோகிணி, அவர் விட்டுப்போன கதிரையை இழுத்து யோகமலருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“தனியப் போகப் பயமாயிருக்கேல்லையோ மச்சாள்?”

“இருந்தது,” என்றாள் யோகமலர். “இருந்தும் போனன்.”