பச்சை ஒயர்

ஸ்பீக்கர் சத்தம் சரியில்லை என்று உடனே புது ஸ்பீக்கர் வாங்க ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். பாதி வீடுகளில் கோளாறு ஸ்பீக்கரில் இருக்காது, அதை வைத்திருக்கிற லட்சணத்தில் இருக்கும். சுவர் மூலையில் திணித்து, மேலே பூச்சாடியும் மாதா சுரூபமும் வைத்துவிட்டு, ‘அடியில வர்ற பாஸ் சத்தம் குழறுது சார்’ என்றால் குழறாமல் என்ன செய்யும்? மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். உட்கார்ந்தால் காது வரும் உயரத்துக்கு ஏற்றுங்கள். அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டு, அதற்கும் கீழே பாதியாக அறுத்த ரப்பர் பந்து நான்கு. பெட்டிக்குள் பழைய தலையணைப் பஞ்சைப் பிரித்துப் போடுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணிச் செலவுகூட ஆகாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே காரைக்காலில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் முத்தமிழ். நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவன். ஆபீசுக்கு ஏதோ பத்திர வேலையாக வந்த ஆரோக்கியஜோசப், நான் யாரிடமோ போனில் ஸ்பீக்கர் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கருக்களாச்சேரிக்காரன், விசைப்படகில் டிரைவர். சவூதியிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கரும் வாங்கி வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல கனமான இரும்பு உடம்பு.

“எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா பாட்டுக்கு அடியில ‘உம்ம்’னு ஒண்ணு இரைஞ்சுக்கிட்டே இருக்கு. ஒரு வாரம் இன்ஜின் சத்தத்துல கெடந்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒரு இன்ஜின் ஓடுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஜெனிட்டா மீன் குழம்பும் சோறும் போட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆன்லின், நான் ஸ்பீக்கரைக் கழற்றுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் இடுக்குகளை எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். சைக்கிள் டியூபை வெட்டி ஸ்பீக்கரின் விளிம்புக்கு வாஷர் போட்டேன். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த ஒயர் முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். பாட்டைப் போட்டதும் ஜோசப் வாயைப் பிளந்தான். ஆனால் அந்த இரைச்சல் போகவில்லை.

அது ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். பாட்டெல்லாம் ஆன்லினின் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. கம்ப்யூட்டருக்கும் எர்த் உண்டு, செட்டுக்கும், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கும், எர்த் உண்டு, நடுவில் பாட்டு ஒயர். மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால் அதற்குள் இரைச்சல் சுற்றிக்கொண்டே இருக்கும். முறையான வழி, நடுவில் அந்த வளையத்தை அறுக்கிற ஒரு சின்ன ஐசொலேட்டர் மாட்டுவது. சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், நான்கு நாளாகும். முறையில்லாத வழிக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். செட்டின் பிளக்கைத் திறந்து, பெரிய பின்னுக்குப் போகும் பச்சை எர்த் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

அந்தப் பச்சை ஒயர் எதற்கு என்பதும் எனக்குத் தெரியும். செட்டுக்குள் ஏதாவது ஒயர் தேய்ந்து இரும்பு உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்டைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போய் ஃபியூஸை அடித்துவிடும். அது இல்லாவிட்டால் கரண்ட் இரும்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது. ஜோசப் மறுநாள் கடலுக்குப் போகிறான், அன்றைக்கே பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற அற்ப ஆசை எனக்கு. கழற்றினேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

ஜோசப் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “இப்பத்தாண்ணே வீடு மாதிரி இருக்கு” என்றான். ஐசொலேட்டரை அடுத்த மாதம் வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் மறந்துபோனேன்.

கார்த்திகை மழையில் படகுகள் போகாமல் நின்ற நாட்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெனிட்டா வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறாள். தரையைத் துடைப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருக்கிறது, ஓடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்ததால் ஜோசப் போனைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வந்து, ஈரக் காலோடு, சத்தத்தைக் கூட்ட செட்டில் கை வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

ஆனால் கருக்களாச்சேரியில் வேறு மாதிரி எழுதிக்கொண்டார்கள். “தரையில தண்ணிய ஊத்திட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டா. பொறுப்பிருந்தா தம்பி செத்திருப்பானா?” என்று ஜோசப்பின் அண்ணன் சந்தனசாமி அடக்கத்தன்றே கூட்டத்தில் வைத்துக் கேட்டார்.  ஜெனிட்டாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஐந்தாம் நாள் நான் போனேன். துக்கம் கேட்க என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உண்மையில் பிளக்கைப் பார்க்கத்தான் போனேன். அஜாக்கிரதையால் மரணம் என்ற வாசகத்தை ஆபீசில் எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறேன்! அதற்குக் கீழே என் பெயரை வைத்துப் பார்த்துப் பார்த்து நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் எல்லோரும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஜெனிட்டாதான் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். “உக்காருங்கண்ணே, இப்ப வந்துருவாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செட் அதே இடத்தில், மேலே ஒரு துண்டு போர்த்தி இருந்தது. பையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. பச்சை ஒயரை அதன் இடத்தில் வைத்து முறுக்கினேன், இரண்டு நிமிஷம். அவர்கள் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை எதால் அடிப்பது?

இரண்டு நாள் கழித்து சந்தனசாமி ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். பிளக்கில் மூன்று ஒயரும் கெட்டியாக இருக்கின்றன, எர்த்தில் குறையில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். சுவிட்ச் போட்டுப் பார்க்க வீட்டார் விடவில்லை. போட்டிருந்தால், உள்ளே தேய்ந்த ஒயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஃபியூஸ் பட்டென்று போயிருக்கும், அன்றைக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வியும் வந்திருக்கும். “தரை காஞ்சிருந்தா ஆளு பொழைச்சிருப்பாரு” என்று சொல்லிவிட்டு அவன் போனான். செட் பழைய இரும்புக்குப் போனது. ஜெனிட்டாவின் குற்றம் முடிவானது. அதற்கு முத்திரை குத்தியவன் நான்.

முப்பதாம் நாள் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சந்தனசாமி பெரியவர்கள் நான்கு பேரை உட்கார வைத்துப் பேச்சை எடுத்தார். ஜெனிட்டா நெடுங்காட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும். ஆன்லின் இங்கே எங்களோடு இருக்கட்டும் என்றார்.

“பொறுப்பில்லாதவகிட்ட எந்தம்பி புள்ளைய எப்படிங்க விடுறது?”

ஆன்லின் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் அம்மாகூடத்தான் போவேன்” என்றாள். பெரியவர்களில் ஒருவர், “புள்ளை அப்படிச் சொல்லுதேப்பா” என்று இழுத்தார். சந்தனசாமி முகத்திலும் ஒரு தயக்கம் தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தயக்கம் வளர்ந்திருக்குமோ என்னவோ.

ஆனால் ஜெனிட்டா தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. எழுந்தேன்.

“அவங்க மேல தப்பில்லைங்க. தரையினால இல்ல. செட்டோட எர்த் ஒயரை நான்தான் கழட்டி விட்டேன். அது இருந்திருந்தா ஜோசப் செத்திருக்க மாட்டான்.”



“எலக்ட்ரீசியன் பாத்தானே சார். பச்சை ஒயரு கெட்டியா இருக்குன்னான். நானும் கண்ணால பாத்தேன்” என்றார் சந்தனசாமி.

“அது நான் அப்புறம் வந்து மாட்டுனது.”

“எப்ப?”

“அஞ்சாம் நாளு. நீங்கள்லாம் கல்லறைக்குப் போயிருந்தப்ப.”

“நாங்க எல்லாரும்தான் போயிருந்தோமே. கதவைத் தொறந்தது யாரு?”

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட தெம்பில் இருந்தேன். “ஜெனிட்டாதான்” என்றேன்.

சந்தனசாமி என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். புருஷனைப் புதைத்த ஐந்தாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், ஒரு ஆம்பளை வந்து போயிருக்கிறான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தவள் எதைச் சொல்வாள், எதற்காகச் சொல்வாள்? ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் தயாராக இல்லை.

“அவளுக்காக இவ்வளவு பெரிய பழிய நீங்க ஏன் சார் தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க?” என்று சந்தனசாமி மெதுவாகக் கேட்டார். “செட்டும் இல்ல, பிளக்கும் இல்ல. இப்ப வந்து என்ன வேணா சொல்லலாம். எந்தம்பி கடல்ல கெடந்த நாள்லயும் வருவீங்களா?”

“ஐயோ, சாமி சத்தியமா...” என்று ஆரம்பித்தேன். உளறினேன். கம்ப்யூட்டர், வளையம், இரைச்சல் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஜோடித்த கதை மாதிரி என் காதுக்கே கேட்டது. வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவன்தானே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

“அண்ணே, எந்திரிச்சுப் போங்க. உங்களக் கும்பிட்டுக்கிறேன், போயிருங்க” என்றாள் ஜெனிட்டா. கும்பிடுவதற்காக அவள் கையை உயர்த்தியபோதுதான் பார்த்தேன், ஆன்லின் அந்தக் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன். செட் எங்கே, சாட்சி எங்கே என்று கேட்டார்கள். குடும்பத்தாரை விசாரித்துவிட்டு வந்த ஏட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வீட்டுக்குப் போங்க சார், உங்களுக்கும் பொஞ்சாதி இருக்காங்கள்ல” என்றார்.

மூன்று வாரம் கழித்து, மகளை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஜெனிட்டா நெடுங்காட்டிலிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னைக்குச் சொன்னது நெசமா? தரையினால இல்லையா?”

“நெசம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னாலதான்.”

அவள் அழுவது கேட்டது. இத்தனை நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

“ஆன்லின் எங்கிட்டப் பேச மாட்டேங்குதுண்ணே. போன் பண்ணா பெரியப்பா கையில குடுத்துருது” என்றாள். “அவங்க அப்பாவ நாந்தான் கொன்னேன்னு ஊரே சொன்னப்பகூட அது எம்மடியிலதான் படுத்துத் தூங்குச்சு.”