கடைசியாக எஸ்தர்

...நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம், அதுவரைக்கும் இட்லி ஆறினால் ஆறட்டுமாம், வெங்கடலட்சுமி அம்மா ஏதோ வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து இந்த ஆர்.எஸ்.புரத்து வீட்டில் தினமும் காலையில் இதே கூத்து, ஆளுக்கொரு நன்றி, நாளுக்கொன்று புதிதாக, பழகப் பழக மனசு லேசாகிவிடுமாம்... லேசாகட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் பாத்திரம் தேய்க்கிற என்னை எதற்கு இன்றைக்குக் கூப்பிட வேண்டும்? "எஸ்தரு, நீயும் வா கண்ணு, உள்ளயே வா, பரவால்ல." இத்தனை வருடமாகச் சமையலறைப் பின்வாசலைத் தாண்டாத கால், சாப்பாட்டு மேசை பக்கத்தில் வந்து நிற்கிறது, கையில் சோப்பு நுரைகூடக் காயவில்லை. வந்ததும் நல்லதுதான், அய்யாவிடம் நேரில் கேட்க இதைவிட நேரம் வாய்க்குமா? சிங்காநல்லூரில் அவருடைய பட்டறையில்தான், பிரஸ் மெஷினில், என் வீட்டுக்காரர் சாமுவேலின் வலது கை விரல்கள் போயின, கை ஆறட்டும், கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் தன் வாயால் சொன்னார், கை ஆறி, பொங்கலும் போய்விட்டது, வேலை மட்டும் வரவில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன் என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டு வந்தேன், இந்நேரம் அவர் குளித்து, இடது கையாலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டு உட்கார்ந்திருப்பார்.

சாய்குமார் தம்பி புது பைக்குக்கு நன்றி சொல்கிறது, நேஹா பாப்பா கேபிள் டி.வி. வந்ததற்கு. அய்யா கண்ணை மூடிக்கொள்கிறார். "இந்த வருசம் பட்டறை ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுச்சு. அதுக்கு நன்றி." ஒரு தொந்தரவும் இல்லாமல்... துணியில் சுற்றிய விரல்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாரே கூட வேலை பார்த்த பாலுசாமி அண்ணன், அது எதில் சேர்த்தி? எங்கள் வீட்டிலும்தான் ராத்திரி ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்வோம், விரல் போனதிலிருந்து சாமுவேல் வாயைத் திறப்பதில்லை, கர்த்தரிடமே கோபித்துக்கொண்ட மனுஷன், இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று தெரியாமலே... "சொல்லு அம்மணி," என்கிறார் அம்மா. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கேள், அய்யா அந்த வாட்ச்மேன் வேலை, அவ்வளவுதான், வாயைத் திற... "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க, ஒரு கொறையும் இல்லீங்க." யார் பேசியது? எங்கப்பன் அல்லவா பேசியது, தோட்டத்துக் களத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூலியைக் குறைத்துப் போட்ட நாளிலும் இதைத்தான் சொன்னார், இதே சொல், இதே குனிவு, எந்த வகுப்புக்கும் போகாமலே எங்களுக்கு வந்த படிப்பு.

கை தட்டினார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, இவகிட்டத்தான் நாம கத்துக்கோணும்." அய்யா தலையாட்டிக்கொண்டே இட்லியைப் பிட்டார், நான் பின்பக்கம் வந்துவிட்டேன். தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன, தேய்க்கிறேன், தேய்த்ததையே திரும்பத் தேய்க்கிறேன்... சாமுவேலிடம் என்ன சொல்வது? அய்யா வீட்டில் இல்லை என்றா, கேட்க மறந்துவிட்டேன் என்றா? ஏதாவது ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம், அது பெரிதில்லை. ஆனால் அவர்கள் கை தட்டியபோது எனக்கு... சீ, எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருந்தது, அதை யாரிடம் போய்ச் சொல்வது?