நாலு தேசிக்காய்

வாகீசன் சொந்தமாக ஒரு கார் கட்டப்போகிறார் என்ற செய்தி ஸ்ரௌவ்வில்லிலிருந்து மல்வேர்ன் வரைக்கும் பரவி, பழசாகியும் போன பிறகுதான், அந்தக் காருக்காகக் கழற்றப்படப்போவது தன்னுடைய கார் என்பது அவருடைய மனைவி மங்கையற்கரசிக்குத் தெரியவந்தது.

அப்போது அவள் கராஜுக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். புது வீட்டுக் கம்பளத்தில் மீன் வாசம் ஏறக்கூடாது என்று, குடிவந்த கிழமையே ஒரு பழைய மின்னடுப்பைக் கராஜில் போட்டுக் கொடுத்தவர் வாகீசன்தான். இப்போது அளவு நாடாவோடு வந்து, அடுப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இஞ்சரும் மங்கை, உந்த அடுப்பு இனி உதில நிக்கேலாது."

"ஏனப்பா?"

"இது இனிக் கராஜ் இல்லை. வேர்க்‌ஷொப்."

அவர் ஒரு சஞ்சிகையை விரித்துக் காட்டினார். இத்தாலியக் கார் ஒன்றின் அச்சில் வார்த்த, சிவப்பு ஃபைபர் கிளாஸ் மேலுடம்பு. மரப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள்; மூன்று கிழமையில் வந்துவிடும். ஆனால் அது வெறும் கோது. உள்ளே வைக்க எஞ்சின், சில்லு, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வேறொரு காரிலிருந்து எடுக்க வேண்டும். அந்த வேறொரு காருக்கு எஞ்சின் பின்னால் இருக்க வேண்டும், இருக்கை இரண்டே இரண்டாக இருக்க வேண்டும்.

எஞ்சின் பின்னால், இருக்கை இரண்டு. மங்கையற்கரசி திரும்பி, டிரைவ்வேயில் நின்ற தன் 86ஆம் ஆண்டு பொன்ரியாக்கைப் பார்த்தாள். குடும்பக்காரர் எவரும் சீண்டாத கார் என்பதால் மலிவாகக் கிடைத்தது. வேலைக்குத் தனியாகத்தானே போகிறாய், உனக்கு எதற்கு நாலு இருக்கை என்று வாங்கிக் கொடுத்தவரும் வாகீசன்தான்.

"டோனர் கார் எண்டு சொல்லுறது," என்றார் அவர். "இரத்ததானம் மாதிரி."

தானம் கொடுப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் அவருக்கு நினைவு வரவில்லை.

"அப்ப நான் வேலைக்கு எப்பிடிப் போறது?"

"சீமோனோட கதைச்சிட்டன். அவன் உங்கட பிளான்ரிலதானே. ஏத்திக்கொண்டு போவான்."

"சீமோன் இருக்கிறது மல்வேர்னில."

"அதுக்கென்ன?"

"நாங்கள் இருக்கிறது ஸ்ரௌவ்வில்லில. மல்வேர்னுக்குப் போகவும் கார் வேணும்."

"எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லாதையும். ஒரு ஆறு மாசம். பிறகு பாரும், ரோட்டில போற சனம் திரும்பிப் பார்க்கும்."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

ஒஷாவாவில் அவளுக்கு வேலை. பிற்பகல் மூன்று மணி ஷிஃப்ட். கார்களுக்குள் ஓடுகிற வயர்க்கட்டுகளை ஒரு பலகையில் வைத்துக் கோத்து, நுனியை மூடிக்குள் 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். மணிக்கு நானூறு டிக். இந்த வசந்தத்தில் வலது பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைத்துப்போயின. பிளான்ற் நேர்ஸ் மணிக்கட்டுக்கு இரண்டு பட்டி கொடுத்தார். பட்டி கட்டியும் விறைப்பு போகவில்லை. விரலோடு நிற்கவுமில்லை. யாராவது பேசினால் அவளுக்கு இப்போது விரலில் படுகிற மாதிரித்தான்: தொடுகிறது தெரியும், சுடுகிறதா குளிர்கிறதா என்பது தெரியாது.

ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒஷாவாவுக்குப் பஸ் கிடையாது. இதை அவள் வாகீசனுக்கு ஒரு தரம்தான் சொன்னாள். வாகீசன் அன்று தரைக்கு என்ன நிறப் பெயின்ற் என்ற யோசனையில் இருந்தார்.

சாம்பல் நிறம் என்று முடிவானது. இரண்டு பூச்சு. அது காயும் வரை நாலு நாள் எவரும் கராஜுக்குள் கால் வைக்கக்கூடாது. பிறகு சுவரில் துளைப் பலகை அடித்து, நட்டுக் கழற்றுகிற ஒவ்வொரு சாவியையும் அதில் கொழுவி, அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்தார். சாவியை எடுத்தால் அதன் நிழல் சுவரில் நிற்கும். பாவிக்காத சாவிகள் என்பதால் நிழல்களைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. மேசை, மேசையில் இறுக்கிப் பிடிக்கிற வைஸ், காற்றடிக்கிற இயந்திரம், காரைத் தாங்க நாலு இரும்புக் கால்கள், எஞ்சினைத் தூக்கச் சங்கிலியும் கொக்கியும், கதவோரம் தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டர். அடுப்பு பின் வளவுக்குப் போய் மழையில் நனைந்தது.

இவ்வளவும் செய்தவர் ஊரில் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். டிப்போவின் எந்தப் பகுதியில் என்று கேட்டால் "எஞ்சினியரிங் சைட்" என்பார். எஞ்சினியரிங் சைட்டில் இருந்த ஸ்டோரில் ரயர் எண்ணிப் பதிந்தவர் என்பது மங்கையற்கரசிக்குத் தெரியும். அவளுடைய காருக்கு கியர் கையால் போட வேண்டும். ஒரே ஒரு நாள் வாகீசன் அதை எடுக்கப் பார்த்து, டிரைவ்வேயிலேயே மூன்று தரம் நிறுத்தி, "உந்தக் கிளச் பழுது" என்று இறங்கிவிட்டார். அதே கிளச்சோடு அவள் நாலு வருடமாக ஒஷாவா போய் வருகிறாள்.

கழற்றுவதற்கு முதல் எல்லாவற்றுக்கும் பேர் ஒட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வாகீசன் சொல்லச்சொல்ல, மாஸ்கிங் ரேப்பில் எழுதி ஒட்டியது அவள்தான். பிளான்ரில் செய்கிற வேலைதானே, பழக்கம் இருக்கும் என்றார். இடது கதவு 1. இடது கதவு 2. கண்ணாடி 1. பேனை விரலுக்குள் நிற்காமல் நழுவியது. ஓட்டுநர் இருக்கை என்று எழுதியபோது, "ஓ.இ. எண்டு சுருக்கி எழுதும், இடம் மிச்சம்" என்று திருத்தினார். அறுபத்திநாலு துண்டு. சமையலறையில் இருந்த, இழுத்து மூடுகிற சிப் பைகள் எல்லாம் நட்டுக்கும் போல்ட்டுக்கும் என்று கராஜுக்குப் போயின. காஸ் ராங்கைக் கழற்ற வேண்டும், கடைசிக் கிழமை பெற்றோல் நிரப்பாதே என்றார். அவள் நிரப்பவில்லை.

"அம்மா, யூ ஓகே வித் திஸ்?" என்று மகள் சுபாங்கி கேட்டாள். பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு.

"எதோட?"

"கார். தட்ஸ் யுவர் கார்."

மங்கையற்கரசி யோசித்துப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். அங்கே பட்டி கட்டிய மாதிரி இருந்தது.

"தெரியேல்லை பிள்ளை," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

தொடக்க விழா செப்டெம்பர் மாதத்து ஒரு ஞாயிறு. ஒரு பழைய காரைக் கழற்றுவதற்கு விழாவா என்று கேட்கிறவர் இந்த நகரத்தில் எங்கள் ஆட்களை அறியாதவர். எங்களுக்கு விழா முக்கியம். காரியம் பிறகு வந்தாலும் வரும், வராவிட்டாலும் வீடியோ இருக்கும். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. பிரதம விருந்தினர்: பழைய மாணவர் சங்கத் தலைவர் இராஜரட்ணம். முதலாவது போல்ட்டைக் கழற்றிப் பணியை ஆரம்பித்துவைப்பார்.

மங்கையற்கரசிக்கு அன்று மூன்று மணிக்கு ஓவர்ரைம். காலை பத்து நாற்பதுக்கு நல்ல நேரம் என்பதால், விழா முடிந்து அவளை ஒருவர் கொண்டுபோய் விடலாம் என்று ஏற்பாடு. அந்த ஒருவர் யார் என்பது ஏற்பாட்டில் இல்லை. எஞ்சின் கொக்கிக்குக் கீழே வர வேண்டும் என்று, காலையில் அவளே காரைப் பின்புறமாக ஓட்டி, தரையில் வாகீசன் கீறிய சோக்குக் கோடுகளுக்குள் நிறுத்தினாள். காரின் முகம் வீதியைப் பார்த்தது. எஞ்சினை நிறுத்தி, கார்த் திறப்பைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இராஜரட்ணம் பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்தார். அப்போது எமகண்டம். பூசைக்கு வந்திருந்த ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒன்று நாற்பதுக்கு இன்னொரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கராஜ் வாசலில் கட்டிய சிவப்பு ரிபன் வெட்டப்பட்டது. பிரதம விருந்தினர் உள்ளே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. வாகீசனின் தோளைத் தட்டினார்.

"பிரமாதம் வாகீசன். அச்சு அசல் பழைய கார் மாதிரியே செய்திருக்கிறீர்."

"அண்ணை, இது பழைய கார்தான். இனித்தான் செய்யிறது."

"அ! அப்ப துருவும் அசலோ?"

வீடியோக்காரர் அந்த இடத்தை வெட்டிவிடுவதாக வாகீசனிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு பொன்னாடை. ஒரு நட்டும் அசையாத நிலையில் வாகீசனுக்கு 'வாகனச் சிற்பி' என்ற பட்டம் வழங்கப்பட்டது. உலகத்தில் சக்கரத்தை முதலில் கண்டவன் தமிழனாக ஏன் இருக்கக்கூடாது என்று பிரதம விருந்தினர் பன்னிரண்டு நிமிடம் கேட்டார். டிரைவ்வேயில் நின்ற சனம் உழுந்து வடை சாப்பிட்டது.

ஐயர் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த வாகனப் பூசை ஒன்றுதான். அது புதுக் காருக்கு உரியது. கழற்றுவதற்கென்று ஒரு பூசையை ஆகமத்தில் எவரும் எழுதிவைக்கவில்லை. காரின் மூக்கில் சந்தனம், குங்குமம், கண்ணாடிக்கு மாலை. வைஸுக்கும் காற்றடிக்கிற இயந்திரத்துக்கும் தீயணைக்கிற சிலிண்டருக்கும் ஒவ்வொரு பொட்டு. காஸ் மணந்துகொண்டிருந்த கராஜுக்குள் கற்பூரம் கொளுத்தப்போனவரை வாசலுக்கு அனுப்பியது மட்டும் சுபாங்கியின் வேலை.

"வாகனம் ஆற்ற பேரில இருக்கு?" என்று கேட்டார் ஐயர்.

வாகீசன் தொண்டையைச் செருமினார். இன்ஷுரன்ஸ் குறைவு என்பதற்காக எழுதின பேர் அது.

"என்ர பேரில ஐயா," என்றாள் மங்கையற்கரசி.

"பேர், நட்சத்திரம்?"

"மங்கையற்கரசி. அனுசம்."

அந்தப் பேருக்கும் அனுசத்துக்கும் ஐயர் சங்கற்பம் செய்தார். இந்த வாகனத்தில் போகிறவளுக்கு விபத்தில்லாமல், தடையில்லாமல், நீண்ட நாள் என்று சம்ஸ்கிருதத்தில் சொல்லி, தமிழிலும் சொன்னார். வாகீசன் கைகூப்பி நின்றார், கையில் பதினேழாம் நம்பர் சாவியோடு. ஐயர் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காயை வைத்தார்.

"இனி எடுக்கலாம்."

"எதை ஐயா?"

"காரைத்தான். தேசிக்காய்க்கு மேலால ஏறி வெளியில போக வேணும். அப்பதான் பூசை முடியும்."

"இல்லை ஐயா, இது போறேல்லை. இது இதிலயே நிண்டு…"

"போகாத வாகனத்துக்கு ஏன் ஐயா பூசை?" ஐயருக்கு மூன்று மணிக்கு மார்க்கம் நகரில் ஒரு புது வீட்டுக் குடிபூரல் இருந்தது. "ஒரு ஆறடி போனாலும் காணும்."

இராஜரட்ணம் சிரித்தார். "வாகனச் சிற்பி, ஏறும் ஐசே. ஓட்டிக் காட்டும்."

வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். வாகீசன் கியர்த் தடியைப் பார்த்தார். டிரைவ்வேயில் நாற்பது பேர் நின்றார்கள்.

"உரிமைக்காரர்தான் எடுக்க வேணும், என்ன ஐயா?" என்றார் வாகீசன். "மங்கை, நீர் ஏறும். ஒரு ஆறடி. பிறகு அப்பிடியே பின்னால விட்டிடும்."

மங்கையற்கரசி தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். விரல் விறைப்பில் அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்; அவளுக்காக நாற்பது பேர் காத்திருந்தது அன்றுதான். ஓ.இ. என்று எழுதிய இருக்கையில் ஏறி, சேலையை இழுத்து உள்ளே போட்டு, கதவைச் சாத்தினாள். மணிக்கூடு இரண்டு ஐந்து காட்டியது. வேலைக்கு வழமையாக வெளிக்கிடுகிற நேரம்.

கிளச்சை மிதித்தாள். முதலாவது கியர். நாலு தேசிக்காயும் நசிந்தது அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு சின்ன அசைவு மட்டும் இருக்கையில் தெரிந்தது. சனம் இரண்டு பக்கமும் விலகிக் கைதட்டியது. ஆறடி முடிந்தது.

பின்னால் விட வேண்டும் என்று அவளுக்கு நினைவு இருந்தது. இரண்டாவது கியரைப் போட்டாள்.

கண்ணாடி 1 என்று ஒட்டிய கண்ணாடியில், வாகீசன் பொன்னாடையோடு டிரைவ்வே முனை வரைக்கும் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சாவி பிடித்த கையால் திரும்பு, திரும்பு என்று காட்டினார். சுபாங்கி இன்னும் கைதட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வீதி வளைந்தது.

பெரிய சந்தோசம் ஏதும் வரும் என்று மங்கையற்கரசி கொஞ்சத் தூரம் பார்த்தாள். வரவில்லை. காஸ் முள்ளு அடியில் கிடந்ததுதான் தெரிந்தது. பிரோக் வீதியில் நிறுத்தி, பட்டுச்சேலையோடு இறங்கி, குழாயைத் தானே பிடித்து ராங்கை நிரப்பினாள். நிரம்பி வழிகிற மட்டும் பிடித்தாள். பூமாலையில் ஒரு பக்கம் காற்றில் போயிருந்தது. பக்கத்தில் காஸ் அடித்த வெள்ளைக்காரர், கதவு முழுக்க ஒட்டியிருந்த துண்டுகளை வாசிக்கப் பார்த்து, முடியாமல், "கொங்கிராஜுலேஷன்ஸ்" என்றார்.

"தாங்க்யூ," என்றாள்.

பிளான்ற் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றுக்கு ஏழு நிமிடம் இருந்தது. வேலைச் சப்பாத்தும் மேற்சட்டையும் இருக்கைக்குப் பின்னால் பையில் கிடந்தன. காரைத் துப்புரவாக்கு என்று வாகீசன் இரண்டு கிழமையாகச் சொல்லியும் அவள் எடுக்காமல் விட்டவை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிச் சப்பாத்தைக் கொழுவும்போது, சீமோன் சிகரெட்டோடு வந்து முன்னால் நின்றான். சந்தனத்தைப் பார்த்தான், குங்குமத்தைப் பார்த்தான், முன் சில்லில் அப்பியிருந்த தேசிக்காய்த் தோலைப் பார்த்தான்.

"என்னக்கா, புதுக் காரோ?"

அவள் சப்பாத்துக் கயிற்றை முடியப் பார்த்தாள். விரலுக்குள் நிற்கவில்லை. சீமோன் குனிந்து முடிந்துவிட்டான்.

"வாகீசன் அண்ணை சொன்னவர், நாளையில இருந்து நீங்கள் என்னோடதானாம். மல்வேர்னுக்கு எத்தினை மணிக்கு வருவியள்?"

"வரேல்லை," என்றாள் மங்கையற்கரசி. "கார் இருக்கு."

திறப்பை மேற்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் பூட்டினாள். பொத்தான் விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் பூட்டினாள். பிறகு வேலை நேரக் கார்ட் அடிக்கப் போனாள்.