சத்தமில்லாமல் விழுந்த கோல்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்குவரத்து ஊழியர்களின் மகளிர் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். கம்பங்களுக்கு நடுவில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால், மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் எதிரணிக் கோல்கீப்பர்கூடத் தான் நிற்கும் இடத்தைச் சரிசெய்துகொள்வாள்.

அப்பேர்ப்பட்ட குரல் ஒரே ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது. கார்னரிலிருந்து பந்து உயரமாக வந்தது. "எனக்கு" என்று கத்திக்கொண்டு மைக்கக்கா எகிறினாள். அதே அணியில் தடுப்பாட்டம் ஆடுகிற பெண் நடத்துநர், பயணிகளிடம் ஓயாமல் சில்லறை கேட்டே சில்லறை என்று பேர் வாங்கியவள், அதை "உனக்கு" என்று காதில் வாங்கிக்கொண்டு தானும் எகிறினாள். தலையும் தலையும் மோதின. சில்லறைக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, அத்தோடு சரி. மைக்கக்கா கீழே விழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, ஓடிவந்த நடுவரை உற்றுப் பார்த்து, "நீங்க எந்த நடைமேடை?" என்று விசாரித்தாள்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தலைவலி குறைந்தது, கிறுகிறுப்பு நின்றது. போன தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. படுத்தால் கண் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. விடியும் நேரத்தில் ஒரு கோழித்தூக்கம் வரும். அதற்குள் பால்காரர் மணியடிப்பார்.

டாக்டரம்மா இது இப்படி அடிபட்டவர்களுக்கு வருவதுதான் என்றார். பகலில் தூங்கக் கூடாது, படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்கக் கூடாது, மெதுவாக நடக்கலாம், விளையாட்டு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

வீட்டில் இதை எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, டாக்டரம்மா சொல்லாத ஒன்றைத் தாங்களாகவே தொடங்கினார்கள். வீட்டில் சத்தமே இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அவள் கணவன் தையல்காரன். வாசல் அறையில்தான் அவன் மெஷின் ஓடும். அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைக்கத் தொடங்கினான். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்பார்களே, அந்த வீட்டில் ஊசி நிஜமாகவே விழுந்தது, எல்லோருக்கும் கேட்டது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி கழற்றப்பட்டது. அளவு கொடுக்க வந்தவர்கள் இடுப்புச் சுற்றளவை ரகசியம்போல் காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியாருக்குக் காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதனால் அவர் சைகைக்கு மாறினார். சமையலறையிலிருந்து அவர் இரண்டு கைகளையும் ஆட்டினால் சாப்பாடு தயார் என்று அர்த்தமா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அர்த்தமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

இந்த மயான அமைதியில் மைக்கக்கா படுத்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று பேர் கதவுக்கு வெளியே நிற்பது அவளுக்குத் தெரியும். தன்னால்தான் வந்த வினை என்று சில்லறையும் தினமும் வேலை முடிந்ததும் வந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தாள்.

ஓய்வு முடிந்து வேலைக்குப் போனாள். அங்கேதான் வம்பு வந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் எதிரே வரிசையாகப் பெஞ்சுகள், பெஞ்சுகள் நிறையப் பயணிகள், பாதிப் பேர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். பையைக் கட்டிக்கொண்டு, தூணில் சாய்ந்து, பக்கத்திலிருந்த அந்நியர் தோளில் விழுந்து, இஷ்டத்துக்குத் தூங்கினார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மைக்கை எடுத்தாள்.

"நீலச் சட்டை போட்டு நாலாவது தூண்ல சாஞ்சிருக்கறவரே, கொஞ்சம் எழுந்திரிங்க. உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

நிலையம் முழுக்க இது கேட்டது. நீலச் சட்டைக்காரர் அலறியடித்து எழுந்து, நின்றிருந்த முதல் பேருந்தில் ஏறிவிட்டார். அது அவர் போகவேண்டிய ஊருக்கு நேர் எதிர்த் திசையில் போகிற பேருந்து. நிலைய மேலாளர் மைக்கக்காவைக் கூப்பிட்டு, தன்மையாகவே பேசி, மறுபடியும் விடுப்பில் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவள் அழுதாள். கணவன் அழாதே என்று ஒரு சைகை செய்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

அந்த வாரம் இறுதி ஆட்டம். எதிரணி தபால் அலுவலகம். ஆடத்தான் கூடாது, பார்க்கலாமே என்று சில்லறை வந்து கெஞ்சினாள். நடந்தால் நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்ததால் கணவன், மாமியார், மைக்கக்கா மூவரும் மைதானத்துக்கு நடந்தே போய், பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டம் நல்ல கூட்டம். ஒருபக்கம் தகரத்தைத் தட்டினார்கள், மறுபக்கம் ஊதல் ஊதினார்கள், நடுவரின் விசில் வேறு. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கணவன் திரும்பிப் பார்த்தான். மைக்கக்கா மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பகல் தூக்கம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று அவன் அவளை எழுப்பக் கையை நீட்டினான். மாமியார் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"தொட்டே, உன்னை இங்கயே புதைச்சிருவேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டார் காதில் விழுந்த அவர் குரல் அதுதான். அத்தோடு நிற்காமல், பக்கத்திலிருந்த மாற்று ஆட்டக்காரிகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவர்கள் அடுத்தவர்களைப் பார்த்து விரலை வைத்தார்கள். மைக்கக்கா தூங்குகிறாள் என்ற செய்தி மைதானத்தைச் சுற்றிப் பரவியது. தபால் அணிக்காரர்களும் ஈரமுள்ளவர்கள், தகரத்தைக் கீழே வைத்தார்கள்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கிருந்தோ வந்த பந்தைச் சில்லறை ஓங்கி உதைத்தாள். பிறந்ததிலிருந்து ஒரு கோல் போட்டறியாதவள். பந்து வலைக்குள் போய் விழுந்தது. கத்த வாயைத் திறந்தவள் பெஞ்சைப் பார்த்தாள், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தார்கள். தபால் அணியின் கேப்டனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு நடுவரிடம் போய், போட்டவர்களே சந்தோஷப்படவில்லையே, இது கோல்தானா என்று கேட்டாள். நடுவருக்கும் குழப்பம். விசிலை வாயருகே கொண்டுபோனவர் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். மைதானமே மூச்சுவிடாமல் இருந்தது.

மைக்கக்கா திடுக்கிட்டு விழித்தாள்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க? யாருக்கு என்ன?"

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு இரைச்சலில் தூங்கியவள் சத்தம் நின்றதும் எழுந்துவிட்டாள் என்பது அவனுக்கு மெல்லத்தான் உறைத்தது. நடுவர் கோல் கொடுத்தார், விசில் ஊதினார், அதுவரை அடக்கிவைத்த கூச்சலையெல்லாம் சில்லறை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

டாக்டரம்மா இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். பகல் தூக்கத்துக்காக ஒரு திட்டும் திட்டினார். பிறகு, வீடு வீடாக இருக்கட்டும், இப்படி எல்லோரும் காவல் காத்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும் என்று கேட்டார். அன்றே மெஷின் ஓடத் தொடங்கியது. மாமியார் வாய் திறந்து பேசினார். தூக்கம் ஒன்றும் மறுநாளே ஓடிவந்துவிடவில்லை. ஒருநாள் வந்தது, இரண்டு நாள் ஏமாற்றியது, மறுபடி வந்தது. அதற்குள் அவள் வேலைக்கும் திரும்பிவிட்டாள், பெஞ்சுக்காரர்களை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பேருந்து நிலையத்திலிருந்து போன் வந்தது. மாமியார் எடுத்தார். மேலாளர்தான், அறிவிப்பாளரை இன்னும் காணோமே என்றார். மாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். வெயில் காலில் விழுந்தும் மருமகள் அசையாமல் கிடந்தாள்.

"அவ தூங்குறாப்பா," என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "பஸ்ஸெல்லாம் கொஞ்சம் நிக்கச் சொல்லு."