சஹனுக்குக் கீழே

கொழும்புத் துறைமுகத்தின் புதிய அலைதடுப்புச் சுவருக்காக பொறியியலாளர் நஸ்லா வரைந்து கொடுத்த முதல் கான்கிரீட் பெட்டி, மாடி வீடு அளவு பெரிதாகக் கடலில் மிதந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தைப் பெண் ஒருத்தி வரைந்தது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. இன்று அதில் தண்ணீர் நிரப்பி, கடலடியில் பரப்பிய கருங்கல் படுக்கையில் இறக்க வேண்டும். அவள் சரி சொன்னால்தான் இறக்குவார்கள்.

ஆனால் படுக்கையை அளந்த படத்தில் நடுவே ஒரு சாண் மேடு தெரிந்தது.

"ஓம் தங்கச்சி, நான்தான் வெச்சது," என்றார், கடலுக்குள் மூழ்கிக் கல் பரப்பும் சுழியோடிகளின் தலைவர் ஸமீம், ஒளிவுமறைவில்லாமல். "பாரம் ஏறினா அமுங்கும்தானே. சஹன்ல சோறு வெக்கிற மாதிரி நடுவுல குமிச்சு வெச்சேன்."

கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் சோறு குவியாவிட்டால் வீட்டாருக்கல்லவா குறை! மனுசன் கடலுக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தார்.

வேலைத்தள மேலாளர் ஷெல்டன் பொறுமையிழந்தார். "சராசரி மட்டம் சரியா இருக்கு, நஸ்லா. இழுவைப் படகு வந்து நிக்குது. நாளைக்குக் கடல் எழும்பினா ஆர் பதில் சொல்றது? இறக்குவம்."

நஸ்லா படத்தை மறுபடி பார்த்தாள். மறுத்தால், முதல் வேலையிலேயே முரண்டு பிடிப்பவள் என்ற பெயர். சம்மதித்தால், முழுப் பாரமும் அந்த மேட்டில் ஏறும். ஓரங்கள் தாங்க ஆளில்லாமல் தொங்கும். கான்கிரீட் வெடித்து, உப்புத் தண்ணீர் உள்ளே கம்பியைத் தின்னும்.

"நானா," என்றாள், அண்ணனை அழைக்கும் உரிமையோடு, ஸமீமிடம். "சஹனுக்கு மேல சோறு குமிஞ்சா அழகு. சஹனுக்குக் கீழ குமிஞ்சிருந்தா?"

ஸமீம் முழித்தார். "ஆடும். எல்லாரும் கை வெச்சா ஒடஞ்சிரும்..." சொன்னவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதில கடல் கை வெக்கும். ஒவ்வொரு அலையும். நான் சரி சொல்ல மாட்டேன், சேர்."

ஷெல்டன் படத்தை வாங்கி, நடு மேட்டை விரலால் அளந்து பார்த்தார். பிறகு, முகத்தில் ஈயாடாமல், படகைப் பெட்டியோடு திரும்பிப் போகச் சொன்னார்.

ஸமீமின் ஆட்கள் மேட்டை வாரி முடிப்பதற்குள் கடல் எழும்பிவிட்டது. காத்திருந்த நாட்களில் வேலைத்தளத்தில் பலர் நஸ்லாவை முறைத்தார்கள். அவள் நிமிர்ந்தே நடந்தாள். கடல் அடங்கிய அன்று பெட்டி இறங்கி உட்கார்ந்தது. நாலு மூலையும் ஒரே மட்டம். ஸமீம் தண்ணீரிலிருந்தே கைதட்டினார்.

ஷெல்டன் அவளருகே வந்து நின்றார்.

"அடுத்த பெட்டி வருது. இனி நீங்க சரி சொன்ன பிறகுதான் நான் படகையே கூப்பிடுவன்."